புதிதாக ஒன்றை மாட்டினதும் பழையது படுத்துக்கொள்கிறதா? வீட்டுக் கம்ப்யூட்டரில் மோதலைக் கண்டுபிடிக்கும் வழி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் என்னைக் கூப்பிடுவது வழக்கம். காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீடுகளும் இதில் சேர்த்தி. நான் பார்ப்பவை பெரும்பாலும் 2008-க்கும் 2013-க்கும் இடையில் வாங்கிய பெட்டிகள். கோர் டூ டுயோ, பென்டியம் டூயல் கோர், ஆரம்பகால ஐ3. உள்ளே ஜி31, ஜி41, எச்61 மதர்போர்டு. பிள்ளைகள் படிப்புக்கும் டைப்பிங்குக்கும் இன்னமும் தாராளமாகப் போதும்.

எல்லா வீட்டிலும் கதை ஒன்றுதான். ரேம், டிஸ்ப்ளே கார்டு, இரண்டாவது ஹார்ட் டிஸ்க், வைஃபை கார்டு என்று ஏதோ ஒன்றைப் புதிதாக மாட்டுவார்கள். அது வேலை செய்யாது. இல்லையென்றால் அது வேலை செய்து, அதுவரை ஓடிக்கொண்டிருந்த இன்னொன்று நின்றுவிடும். கடையில் காட்டினால் "போர்டு போயிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். போர்டு போவதும் உண்டுதான். ஆனால் நான் திறந்து பார்த்த பெட்டிகளில் பெரும்பாலும் போர்டு நன்றாகவே இருந்தது. இரண்டு பாகங்கள் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டிருந்தன, அல்லது கடற்கரை உப்புக் காற்றில் களிம்பு ஏறி ஏதோ ஒரு முனை சரியாகத் தொடவில்லை. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அதனால் கீழே செலவில்லாத சோதனையை முதலிலும், காசு போகும் வேலையைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

கை வைக்கும் முன்

சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்து, பவர் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். அதன் பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் வடியும். பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒரு முறை தொட்டுவிட்டு ரேமையோ கார்டையோ எடுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று போனில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ரேமைத் துடைத்து, கார்டை இடம் மாற்றி, டிரைவரையும் (பாகத்தை விண்டோஸ் பயன்படுத்த உதவும் மென்பொருள்) ஏற்றிவிட்டு ஆன் செய்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் கேள்வி எப்போதும் இதுதான்: கடைசியாக எதை மாட்டினீர்கள்? அதைக் கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பழையபடி ஓடினால் பாதி வேலை முடிந்தது.

அறிகுறி 1: ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை

டிஸ்ப்ளே கார்டு மாட்டின பிறகு இப்படி ஆனதா?

மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றில் தனிக் கார்டு மாட்டியதும் போர்டோடு வரும் டிஸ்ப்ளே தானாக அடங்கிவிடும். கேபிள் பழைய இடத்திலேயே இருந்தால் திரை கறுப்பாகத்தான் இருக்கும். கார்டில் சொருகுங்கள். அப்படியும் வராவிட்டால் கார்டைக் கழற்றிவிட்டு, கேபிளைப் பழைய இடத்தில் வைத்து ஆன் செய்யுங்கள். பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் செட்டிங் பக்கம்) போய், முதலில் எந்த டிஸ்ப்ளே என்ற இடத்தில் பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டு உட்காரும் ஸ்லாட்) என்று மாற்றிவிட்டுக் கார்டை மறுபடி மாட்டுங்கள்.

ரேம் மாட்டின பிறகு ஆனதா?

புது ரேமை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் வைத்துப் பாருங்கள். ஓடினால் புதியது போர்டுக்குப் பொருந்தவில்லை. ஜி41 போர்டில் டிடிஆர்3 ரேம் போடுகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இங்கேதான். 4 ஜிபி ரேம் ஒன்றில் இரண்டு பக்கமும் சேர்த்து 16 கறுப்பு சிப் இருந்தால் அந்த போர்டு ஏற்கும். எட்டே சிப்பில் 4 ஜிபி என்றால் ஏற்காது. விலை மலிவாக இருக்கிறதே என்று ஆன்லைனில் வாங்கும் ரேம்களில் ஏஎம்டி போர்டுக்கு மட்டும் ஓடக்கூடியவையும் கலந்திருக்கும். வாங்கும்போதே போர்டின் பெயரைச் சொல்லி, ஓடாவிட்டால் திருப்பித் தருவேன் என்று பேசிவிட்டு வாங்குங்கள்.

எதையுமே மாட்டாமல் ஆனதா?

அப்போது களிம்பைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் சித்தப்பா வீடு. ஜன்னல் ஓரத்தில் பெட்டி. ஆன் செய்தால் நீளமாக ஒரு பீப், கொஞ்சம் விட்டு மறுபடி அதே பீப். ஒரு கடையில் போர்டு மாற்றச் சொல்லிவிட்டார்கள். ரேமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பொன்னிறமாக மின்ன வேண்டிய முனைகளில் பாதிக்கு மேல் தவிட்டு நிறம். இரண்டு முனையில் ஓரமாகப் பச்சையே படிந்திருந்தது, பூஜை அறையில் துலக்காமல் விட்ட செம்புச் சொம்பு மாதிரி. பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்தேன். ரப்பர் கறுத்துப் போனது. துகளை ஊதாமல் காய்ந்த பிரஷால் தட்டிவிட்டேன். ஊதினால் எச்சில் ஈரம் படும். ஸ்லாட்டுக்குள்ளும் அதே பிரஷ். இரண்டு பக்கமும் 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்தி மாட்டினதும் டிஸ்ப்ளே வந்துவிட்டது. சித்தப்பாவிடம் பெட்டியை ஜன்னலிலிருந்து உள் சுவருக்கு நகர்த்தச் சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை துடைக்கவும் சொல்லியிருக்கிறேன்.

உப்புத்தாள் மட்டும் வேண்டாம். மேலே இருக்கும் தங்க முலாம் மெல்லியது, ஒரே தேய்ப்பில் போய்விடும்.

பீப் கணக்கு பயாஸ் கம்பெனியைப் பொறுத்து மாறும். நீளமான பீப் விட்டு விட்டு வந்தால் பெரும்பாலும் ரேம். அவார்டு பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே. பீப்பே இல்லாவிட்டால் ஸ்பீக்கர் மாட்டாமலும் இருக்கலாம், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அறிகுறி 2: தேதி பழைய வருஷத்துக்குப் போகிறது, அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தகராறு

இதைச் சாதாரணமாக விடுகிறவர்கள் அதிகம். "எஃப்1 அழுத்தினா வந்துடுது தம்பி" என்று மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. அந்தப் பேட்டரி போனால் தேதியோடு பயாஸில் செய்து வைத்த மாற்றங்கள் அனைத்தும் அழியும். தனி சவுண்டு கார்டுக்காக நீங்கள் அணைத்து வைத்த போர்டு சவுண்டு தானாக விழித்துக்கொள்ளும். இரண்டும் மோதும். லேன் கார்டிலும் இதே கதை. கரன்ட் போய் வந்த மறுநாள் காலையில் சவுண்டு வரவில்லை என்று சொன்னால், நான் முதலில் பார்ப்பது திரையில் கடிகாரத்தை.

மல்டிமீட்டரில் புதுப் பேட்டரி 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். 2.8-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஐம்பது ரூபாய்க்குள் முடியும். எழுத்து இருக்கும் பக்கம் மேலே வர வேண்டும். மாற்றிய பிறகு பயாஸில் தேதி, சாட்டா வகை (ஹார்ட் டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை), போர்டு சவுண்டு, போர்டு லேன், பூட் வரிசை ஆகிய ஐந்தையும் சரிபார்த்து, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி மாற்றினதும் நீலத் திரை வந்தால்?

விண்டோஸ் 7-இல் 7பி என்று முடியும் எண் வரும். விண்டோஸ் 10-இல் 'இன்ஆக்சசபிள் பூட் டிவைஸ்' என்று வரும். பயந்துவிடாதீர்கள். தண்டையார்பேட்டையில் ஒரு அக்கா வீட்டில் எச்61 போர்டு. விண்டோஸ் போடும்போது சாட்டா வகை ஏஎச்சிஐ என்று இருந்திருக்கிறது. பேட்டரி தீர்ந்ததும் அது ஐடிஇ என்று தன் ஆரம்ப நிலைக்கே திரும்பிவிட்டது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, ஃபார்மேட் அடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லி, மகளின் கல்லூரி ப்ராஜெக்ட் எல்லாம் உள்ளே இருக்கிறதே என்று அந்த அக்கா அழாத குறை. பயாஸில் அந்த ஒரு வரியை மறுபடி ஏஎச்சிஐ ஆக்கினேன். ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. யாராவது ஃபார்மேட் என்று ஆரம்பித்தால், அதற்கு முன் இந்த ஒரு இடத்தைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

அறிகுறி 3: டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி

மாட்டியிருக்கும் பாகங்களை விண்டோஸ் பட்டியலிடும் இடம்தான் டிவைஸ் மேனேஜர். அதில் மஞ்சள் குறி உள்ள வரியை இரண்டு முறை தட்டுங்கள். நடுவில் ஒரு கோட் எண் இருக்கும். அதை வைத்துப் பிரியுங்கள்.

கோட் 28: டிரைவரே இல்லை. மோதல் கிடையாது. போர்டு அல்லது கார்டு கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரை எடுத்துப் போடுங்கள். டிரைவரைத் தேடித் தருகிறேன் என்று வரும் இலவச மென்பொருள் எதையும் போட வேண்டாம். அவற்றால் வேறு கோளாறு வந்த பெட்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

கோட் 10: பொருள் கிளம்பவில்லை. அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். நேற்றுவரை ஓடி, அப்டேட் ஆன பிறகு நின்றிருந்தால் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். பாலிடெக்னிக் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்கு வாங்கும் யுஎஸ்பி-சீரியல் கேபிள்களில் இது அடிக்கடி வரும். சிலவற்றில் இருப்பது பிராலிஃபிக் என்ற கம்பெனியின் சிப்புக்குப் போலி. புது டிரைவர் அதைக் கண்டுபிடித்து ஓட மறுக்கும். உடைந்தது என்று நினைத்து அதே மாதிரி இன்னொன்று வாங்கினால் அதுவும் ஓடாது.

கோட் 12: இதுதான் நிஜமான மோதல். கேட்கும் இடம் காலி இல்லை என்று அர்த்தம். பயாஸில் பயன்படுத்தாதவற்றை அணையுங்கள். சீரியல் போர்ட், பேரலல் போர்ட் இரண்டும் இன்றைக்கு எந்த வீட்டிலும் தேவைப்படுவதில்லை. தனிக் கார்டு இருந்தால் போர்டோடு வந்த சவுண்டும் லேனும்கூடத் தேவையில்லை. அப்புறமும் தீராவிட்டால் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள்.

கோட் 43: யுஎஸ்பி பொருளில் வந்தால் அதைப் பிடுங்கி, பெட்டியை முழுதாக அணைத்து, பவர் கேபிளையும் எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பின்பக்க போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். டிஸ்ப்ளே கார்டில் வந்தால் டிரைவரை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் வந்தால் கார்டை இன்னொருவர் வீட்டுப் பெட்டியில் மாட்டிப் பார்ப்பதுதான் வழி.

ஒரு பொருள் இரண்டு முறை தெரிகிறது, அல்லது கழற்றின கார்டின் டிரைவர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகமா? விண்டோஸ் 10-இல் வியூ மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுத்தால் மங்கலாகத் தெரியும். கழற்றிப் போட்ட கார்டின் பெயர் அங்கே இருந்தால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பெயர் புரியாதவற்றைத் தொடாதீர்கள்.

அறிகுறி 4: பாட்டு திக்குகிறது, மவுஸ் அப்படியே நிற்கிறது

தண்டையார்பேட்டையில் பெரியப்பா வீட்டுப் பெட்டியில் டிவி ட்யூனர் கார்டு இருந்தது. ஒரு காலத்தில் இங்கே நிறைய வீடுகளில் கேபிள் டிவியை அதில்தான் பார்த்தார்கள். பேரன் வந்து பக்கத்து பிசிஐ ஸ்லாட்டில் வைஃபை கார்டு மாட்டினான். இன்டர்நெட் போட்டால் பாட்டு திக்கும். ட்யூனரைத் திறந்தால் பெட்டியே உறைந்து நிற்கும். தனித்தனியாக இரண்டு கார்டும் நன்றாக ஓடின.

டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய் 'ரிசோர்சஸ் பை டைப்' கொடுத்து, 'இன்டரப்ட் ரிக்வெஸ்ட்' என்பதைத் திறந்தேன். பிராசசரைக் கூப்பிட ஒவ்வொரு பொருளுக்கும் கொடுத்திருக்கும் எண் அங்கே தெரியும். ட்யூனர், வைஃபை, சவுண்டு மூன்றும் ஒரே எண்ணில் உட்கார்ந்திருந்தன. பல பொருள்கள் ஒரே எண்ணைப் பகிர்வது தப்பில்லை, எல்லாப் பெட்டியிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் விடாமல் வேலை செய்யும் பொருள்கள் ஒரே எண்ணில் சேர்ந்து, அதில் ஒன்றின் டிரைவர் பழையதாகவும் இருந்தால் தகராறுதான்.

முதலில் ஸ்லாட்டை மாற்றினேன். ஸ்லாட் மாறினால் எண்ணும் பெரும்பாலும் மாறும். வைஃபையைக் கடைசி ஸ்லாட்டுக்கு நகர்த்தினதும் அது வேறு எண்ணுக்குப் போனது, உறைவது நின்றது. திக்கல் மட்டும் மிச்சம். பயாஸில் சீரியலையும் பேரலலையும் அணைத்து, சவுண்டு டிரைவரைப் புதுப்பித்த பிறகு அதுவும் போனது. முழுதாக ஒரு சாயங்காலம் பிடித்தது, காசு செலவே இல்லை.

ஸ்லாட் மாற்ற இடமே இல்லை என்றால் வைஃபை கார்டை எடுத்துவிட்டு யுஎஸ்பி வைஃபை வாங்கிவிடுங்கள். குறைந்த செலவில் தீரும் வழி அதுதான்.

சவுண்டு திக்கவில்லை, சுத்தமாகக் காணோமா? எச்டிஎம்ஐ உள்ள டிஸ்ப்ளே கார்டு மாட்டியிருந்தால் சத்தம் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கும். கீழே ஸ்பீக்கர் படத்தில் வலது கிளிக் செய்து, ஸ்பீக்கரை மறுபடி டிஃபால்ட் ஆக்குங்கள்.

அறிகுறி 5: இரண்டாவது ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை

பட்டையான ஐடிஇ கேபிளா? ஒரே கேபிளில் இரண்டு பொருள் இருந்தால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். பின்பக்கம் இருக்கும் சின்ன ஜம்பர்தான் இதைத் தீர்மானிக்கும். இரண்டும் மாஸ்டராக இருந்தால் ஒன்று தெரியாது, சில சமயம் இரண்டுமே தெரியாது. ஜம்பரை எப்படி வைப்பது என்ற படம் டிஸ்க்கின் மேலேயே ஒட்டியிருக்கும். எண்பது ஒயர் கேபிளில் நீல முனை போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு.

மெல்லிய சாட்டா கேபிளா? வேறு கேபிள், வேறு போர்ட். அவ்வளவுதான்.

பயாஸில் தெரிகிறது, மை கம்ப்யூட்டரில் இல்லையா? டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். டிஸ்க்குக்கு சி, டி மாதிரி எழுத்து இல்லாமல் நின்றால் வலது கிளிக் செய்து ஒரு எழுத்தைக் கொடுங்கள். கார்டு ரீடர் பிடித்து வைத்திருக்கும் எழுத்தோடு மோதாமல், கடைசிப் பக்கத்து எழுத்தாகக் கொடுப்பது நல்லது. 'ஆஃப்லைன்' என்று இருந்து, சிக்னேச்சர் மோதல் என்று காரணம் சொன்னால் அது இன்னொரு டிஸ்க்கின் அச்சு நகல். ஆன்லைன் கொடுத்தால் விண்டோஸ் அதன் அடையாளத்தை மாற்றிவிடும். டேட்டா அப்படியே இருக்கும். ஆனால் அந்த நகலிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பும் எண்ணம் இருந்தால் கொடுக்காதீர்கள். டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா, ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால், உள்ளே தேவையான படங்கள் இருக்கும்வரை வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

அறிகுறி 6: பென் டிரைவ் சொருகினால் கீபோர்டு நிற்கிறது, அல்லது பெட்டியே ரீஸ்டார்ட் ஆகிறது

முன்பக்க போர்ட்டில் மட்டும் வந்தால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வளைந்த தகடு ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும். போர்டிலிருந்து முன்பக்க ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பின்பக்க போர்ட்டைப் பயன்படுத்தலாம், செலவில்லை. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் வந்தால் கரன்ட் போதவில்லை. யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்தான். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கினால் தீரும். வட்ட முனை உள்ள பழைய கீபோர்டு, மவுஸை ஓடும்போது பிடுங்கி மாட்டக் கூடாது. அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

அறிகுறி 7: 4 ஜிபி போட்டும் 3-தான் காட்டுகிறது

காரணம் 32 பிட் விண்டோஸ். அதற்கு மொத்தமே 4 ஜிபி அளவு முகவரிகள்தான், அதில் ஒரு பகுதியைக் கார்டுகள் எடுத்துக்கொள்கின்றன. ரேம் கெட்டுவிடவில்லை. 64 பிட் போட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஜி31 போர்டு என்றால் மொத்தமே 4 ஜிபிதான், அதற்கு மேல் ரேம் வாங்க வேண்டாம்.

அறிகுறி 8: கேம் போட்டதும் அணைந்துவிடுகிறது

டிஸ்ப்ளே கார்டு மாட்டின பிறகு தொடங்கியிருந்தால் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் கரன்ட் தரும் பவர் சப்ளை) தாங்கவில்லை. மேலே 450 வாட் என்று ஒட்டியிருப்பதை நம்ப முடியாது. கேம் ஓடும்போது போர்டு கம்பெனி தரும் மென்பொருளிலோ, பழக்கம் இருந்தால் மல்டிமீட்டரிலோ பாருங்கள். 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழேயும், 5 வோல்ட் லைன் 4.75-க்குக் கீழேயும் இறங்கக் கூடாது. இறங்கினால் நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள், அல்லது ஜிடி 710 மாதிரி 19 வாட்டில் ஓடும் சின்னக் கார்டுக்கு மாறுங்கள். அதற்கு முன் பிராசசர் ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். கன்டெய்னர் லாரி ஓடும் மணலி, எண்ணூர் சாலைப் பக்கத்து வீடுகளில் அந்த ஃபேனுக்கு அடியில் போர்வை மாதிரி தூசி கிடக்கும்.

பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? எர்த் இல்லை. பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் இது சகஜம். கம்ப்யூட்டர் மெக்கானிக்கால் இதைத் தீர்க்க முடியாது, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள். அதுவரை ஆன் செய்ய வேண்டாம்.

எப்போது நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுவது

போர்டில் உருளையான கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ உங்கள் வேலை அங்கே முடிந்தது. கருகல் வாசனை வந்தாலும் அப்படியே. ஹார்ட் டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மிச்சமிருக்கும் டேட்டாவும் போகும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. கேபிளைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி அடிக்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.

மழைத் தண்ணீர் ஏறிய பெட்டியையும் ஆன் செய்து பார்க்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வியாசர்பாடிப் பக்கம் நான் பார்த்த இரண்டு பெட்டிகள் தண்ணீரால் கெடவில்லை, காய்வதற்குள் ஆன் செய்ததால்தான் கெட்டன.

பாகம் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறீர்கள் என்றால் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். பழைய ரேமையும் போர்டின் பெயர் தெரிகிற படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். பெட்டியையே ரிப்பேருக்குக் கொடுப்பதாக இருந்தால், எந்தச் சோதனை செய்தீர்கள், எதில் மாறியது, எதில் மாறவில்லை என்று ஒரு தாளில் எழுதி மேலே ஒட்டிக் கொடுங்கள். ரேம் எத்தனை, எந்த அளவு, ஹார்ட் டிஸ்க்கின் சீரியல் எண் என்ன என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, திரும்ப வாங்கும்போது அங்கேயே பெட்டியைத் திறந்து ஒத்துப் பாருங்கள்.